பதினொரு நிமிடத்துக் கிரகம்

ஆராய்ச்சி நிலையத்தின் கேண்டீனில் முப்பத்தொரு வருஷமாகப் பால் காய்ச்சியவர் மாஸ்டர். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் கையில் பால் அடிப்பிடித்ததில்லை. பொங்கி வழிந்ததில்லை. இதை அவரே வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். கேட்காதவர்களிடம் இரண்டு தரம் சொல்லுவார். சொல்லட்டுமே. செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. ஐந்தாம் வகுப்புக்குப் போகவேண்டிய வருஷம் ஒரு டீக்கடையின் பின்கட்டில் கிளாஸ் கழுவப் போனார். மூன்று வருஷம் கழுவிய பிறகுதான் அடுப்புப் பக்கமே விட்டார்கள். முதன்முதலாகக் கரண்டியைக் கையில் கொடுத்த முதலாளி, "பாலை விட்டு நகர்ந்தே, உன்னைக் கடையை விட்டே நகர்த்திடுவேன்" என்றாராம். அந்த முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சொன்ன வார்த்தை மட்டும் மாஸ்டரின் மணிக்கட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. பால் அடுப்பில் ஏறினால் போதும், அவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் கை தானாகக் கரண்டியைத் தேடும். பத்துப் பேருக்கு டீ போட்ட கை, பிறகு இருநூறு பேருக்குப் போடுகிற கையாக வளர்ந்தது. அதில் யாருடைய சிபாரிசும் கிடையாது. சொந்தக் கையை நம்பி, சொந்தக் காலில் நின்றவர்.

அந்தக் கால்தான் இப்போது ஒரு வருஷமாக மக்கர் பண்ணியது. நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். குந்தி உட்கார்ந்துவிட்டால் மட்டும் எழும்பாது. வீட்டிலேயே அதை அவர் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய மச்சான், அதாவது வீட்டம்மாவின் அண்ணன், இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகத்தில் கேண்டீன் நடத்துகிறவர். எப்போது பார்த்தாலும், "நீ எப்ப உட்காருவேன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன், மாப்ள. அந்த அடுப்பு எனக்குத்தான்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். ஆனால் நிலையத்து மேனேஜரிடமும் ஒரு தரம் அதைச் சொல்லிவைத்திருந்தார் என்பது மாஸ்டரின் காதுக்கு வந்திருந்தது.

நிலையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வானத்தை ஆராய்கிற இடம் என்றதும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாஸ்டர், அங்கே எல்லோரும் தலையை நிமிர்த்திக்கொண்டே திரிவார்கள் என்று நினைத்தார். அவர்களோ விடிந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். "வானத்தைப் பார்த்த மூஞ்சி ஒண்ணையும் காணோமே" என்று அப்போதே வீட்டம்மாவிடம் சொன்னார். வீட்டம்மாவும் அதே கேண்டீனில்தான் இருந்தார். பாத்திரமும் மேசையும் அவருடைய பொறுப்பு. அடுப்பும் வாயும் மாஸ்டருடையவை.

குனிந்த தலைகளில் மாஸ்டருக்குப் பிடித்த தலை டாக்டரம்மாவுடையது. ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். வந்த முதல் மாதம் மாஸ்டர் அவரிடம் போய் இருமலுக்கு மருந்து கேட்டார்.

"நான் அந்த டாக்டர் இல்ல மாஸ்டர். நட்சத்திரத்துக்குத்தான் பார்ப்பேன்."

"சரிம்மா. அதுக்கு இருமல் வந்தா அனுப்பி வைக்கிறேன்."

அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போயிற்று. டாக்டரம்மா ஆறு வருஷமாக ஒரே ஒரு கிரகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். நம் சூரியனைச் சுற்றுகிற கிரகம் இல்லை. எங்கேயோ இருக்கிற வேறொரு சூரியனைச் சுற்றுவது. அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததை எப்படி ஆராய்வது என்று மாஸ்டர் கேட்டதற்கு, அவர் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து ஒரு நாள் விளக்கினார்.

"தெருக்கோடியில ஒரு விளக்கு எரியுது. அது முன்னாடி ஒரு கொசு குறுக்க போனா வெளிச்சம் ஒரு துளி குறையும்ல. அந்தக் குறைச்சலை அளந்து கொசுவைக் கண்டுபிடிக்கிறோம். கொசு எவ்வளவு பெருசு, எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு சுத்து, எல்லாம் சொல்லிடலாம்."

"எப்படி இருக்கும்?"

"அதைத்தான் சொல்ல முடியாது. எங்கம்மாவும் வாரா வாரம் போன்ல அதையேதான் கேக்குறாங்க. நான் இதைத்தான் அனுப்புறேன்." அவர் காட்டிய தாளில் ஒரு கோடு இருந்தது. நேராகப் போய், நடுவில் ஒரு சின்னக் குழி விழுந்து, மறுபடி நேராகப் போனது.

அந்தக் கிரகம் தன் சூரியனைப் பதினெட்டு மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுமாம். அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. ஒரே முகத்தைத்தான் சூரியனுக்குக் காட்டுமாம். அந்தப் பக்கம் கல்லே உருகிக் கிடக்கும்; மறுபக்கம் என்றைக்கும் இருட்டு.

"அடுப்புல வச்சதைத் திருப்பிப் போடவே இல்லன்னு சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அதேதான்" என்றார்.

அந்த வருஷம் நிலையத்தில் பொதுமக்கள் வந்து பார்ப்பதற்கு ஒரு கூடம் கட்டினார்கள். அதன் பெரிய சுவரில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு அந்தக் கிரகத்தின் படம் வர வேண்டும் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை திறப்பு. படம் போட ஓர் ஓவியனைக் கூட்டி வந்தார்கள். மார்பு வரைக்கும் தாடி. அதனால் தாடி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிரஷ்ஷாலும் வரைவான், கம்ப்யூட்டரிலும் வரைவான். நல்ல கைக்காரன்தான். ஆனால் அவன் வரைந்ததையெல்லாம் டாக்டரம்மா தட்டிக்கழித்தார்.

"ஆரஞ்சுப் பழம் மாதிரி இருக்கு."

"போன தடவை கொள்ளிக்கட்டைன்னு சொன்னீங்க."

"அழகா இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா சூடு நட்ட நடுவுல இருக்கு. எங்க கணக்குப்படி நடுவுல இருக்கக் கூடாது. அங்க காத்து பலமா அடிக்குது. சூட்டை ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டுப் போகுது."

"தள்ளித்தானே வரைஞ்சேன் முந்தாநாள்?"

"அது ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருந்துச்சு."

தாடி தாடியைப் பிடித்துக்கொண்டு மாஸ்டரைப் பார்ப்பான். மாஸ்டர் அவனுக்கு ஒரு டீயை நீட்டுவார். அதற்கு மேல் அந்த விவகாரத்தில் அவருக்குச் சம்பந்தம் ஒன்றும் இருக்கவில்லை, திங்கட்கிழமை வரைக்கும்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக் காப்பிக்காக மாஸ்டர் பாலைச் சுண்டக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அகலமான அலுமினியப் பாத்திரம், கலியாணமான புதிதில் வாங்கியது. பால் வற்றி ஒரு விரல் உயரத்துக்கு வந்திருந்தது. புழுக்கமாக இருந்ததால் அடுப்புப் பக்கத்து ஜன்னலைப் பாதி திறந்துவிட்டிருந்தார். சர்க்கரை டப்பா காலி என்று கண்ணில் பட்டது. ஸ்டோர் ரூம் நாலே எட்டு. போனார். சர்க்கரை நிரப்பிய வேறு டப்பா அடித்தட்டில் இருந்தது. அவசரத்தில் குந்தி உட்கார்ந்தார்.

எழ முடியவில்லை.

இரும்பு அலமாரியைப் பிடித்துப் பார்த்தார். அலமாரி அவர் பக்கம் சாய்ந்தது. தரையில் கையை ஊன்றிப் பார்த்தார்; முழங்காலுக்குள் யாரோ ஆணி அடித்ததுபோல் இருந்தது. கதவு திறந்திருந்ததால் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. ஒன்பது நாற்பத்தெட்டு. சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் வீட்டம்மா மேசைகளை நகர்த்தித் துடைக்கிற சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பார். மாஸ்டர் குரல் கொடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். முதலில் பால் முறுகுகிற வாசனை வந்தது. பிறகு கருகுகிற வாசனை. முப்பத்தொரு வருஷம் பாலைக் காத்த மனுஷன் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து அதன் சாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சர்க்கரை மூட்டை வரைக்கும் தவழ்ந்து போய், அதன் மேல் சாய்ந்து, உருண்டு எழுந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தொன்பது.

அடுப்பை அணைத்தார். வீட்டம்மா உள்ளே வந்து மூக்கைச் சுளித்தார்.

"என்னங்க, கருகற வாசனை?"

"கைத்துணி தீயில பட்டுடுச்சு. நீ போ, நான் பார்த்துக்கறேன்."

வீட்டம்மா போனார். ஆனால் போகிறபோது ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் பாத்திரத்தைப் பின்புறக் குழாயடியில் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறு பால் வைத்தார். அன்று காப்பி ஐந்து நிமிஷம் தாமதம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று அவர் மூச்சு விட்டது மத்தியானம் வரைக்கும்தான்.

மத்தியானம் தாடி பிரஷ் கழுவக் குழாயடிக்குப் போனான். தண்ணீர் பிடிக்கலாம் என்று கவிழ்த்திருந்த பாத்திரத்தை நிமிர்த்தினான். நிமிர்த்தியவன் அப்படியே நின்றுவிட்டான். பிரஷ் தரையில் விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கையோடு இழுத்து வந்தான்.

பாத்திரத்தின் அடி முழுக்கப் பழுப்பு. அதில் ஓரிடம் கன்னங்கரேல் என்று கருகி, அதைச் சுற்றிச் செம்பு நிறமும், அதற்கு அப்பால் தேன் நிறமுமாக விரிந்து போயிருந்தது. காய்ந்த ஏடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளின் இடையில் அலுமினியம் மின்னியது, பாறைக்குக் கீழே ஏதோ உருகி ஓடுவதுபோல. விளிம்பில் மட்டும் வெளுத்த நுரை, பொட்டுப் பொட்டாக.

டாக்டரம்மா இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். வெயிலில் திருப்பினார். "கருகினது நடுவுல இல்ல" என்று மெல்லச் சொன்னார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து வைத்து அளந்தார். "நடுவுல இருந்து மூணுல ஒரு பங்கு தள்ளி. நம்ம கணக்கும் அதுதானே. இதை யார் பண்ணினது?"

மாஸ்டர் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தார். "அது பழைய பாத்திரம்மா. தூக்கிப் போட வச்சது."

"போன வாரம்கூட இதுலதானே பால் இருந்துச்சு?" என்றான் தாடி.

"ரெண்டு நிமிஷம் திரும்பினேன், லேசாப் பிடிச்சுடுச்சு. அந்த அடுப்பே சரியில்ல."

தாடி அதைக் காதில் வாங்கவில்லை. போனில் இரண்டு படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "பன்னிரண்டு அடிக்கு இது தாங்காது. நாளைக்குப் பெரிய கேமராவும் விளக்கும் கொண்டு வரேன். யாரும் இதைத் தொடாதீங்க. படத்துக்குக் கீழ பெருசா எழுதணும் டாக்டர், கேண்டீன் பால் பாத்திரம்னு."

மாஸ்டர் மனசுக்குள் அளந்து பார்த்தார். பன்னிரண்டு அடி உயரம். ஊரே வந்து பார்க்கும். மச்சான் முதல் ஆளாக வருவார். இரண்டு நிமிஷத்தில் இப்படிக் கருகாது என்று அடுப்பு தெரிந்த எவனுக்கும் தெரியும். அப்போது எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்கள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவர் சோடா உப்பும் வெந்நீரும் கம்பி நாருமாக உட்காராமல், நின்றபடியே, தொட்டியில் வைத்துத் தேய்த்தார். முக்கால் மணி நேரம். ஒரு பாத்திரத்தைத் தேய்ப்பது என்று வந்துவிட்டால் அதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கிரகம் பழுப்புத் தண்ணீராகி ஓட்டை வழியே இறங்கிப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை தாடி கேமராவும் விளக்குமாக வந்து இறங்கினான். குழாயடியில் பாத்திரம் கண்ணைப் பறித்தது.

"யார் தேய்ச்சது?"

"நான்தான் தம்பி. அழுக்குப் பாத்திரத்தையா போட்டோ எடுப்பாங்க? இப்ப எடுங்க, மூஞ்சி தெரியும்."

தாடி படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் திட்டியிருந்தால் மாஸ்டர் பதிலுக்குத் திட்டியிருப்பார். அதற்குத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் டாக்டரம்மா வந்து, பளபளக்கிற அடியைப் பார்த்து, "பரவாயில்ல மாஸ்டர். பாத்திரம்னா தேய்க்கத்தான் செய்வாங்க" என்றார். அது அவருக்கு அறைந்ததுபோல் இருந்தது. "ஒரு தரம் வந்தது இன்னொரு தரமும் வரணும். அதுதானே எங்க வேலையே. மறுபடி காய்ச்சுவோம்."

காய்ச்சினார்கள். அங்கேதான் வந்தது வினை. டாக்டரம்மா நோட்டோடு நிற்கிறார், தாடி கடிகாரத்தோடு நிற்கிறான். மாஸ்டரின் கை இரண்டாவது நிமிஷமே கரண்டியை எடுத்துக் கிண்டிவிட்டது.

"மாஸ்டர், கிண்டக் கூடாது."

"நான் எங்க கிண்டினேன்?"

"கையைப் பாருங்க."

கரண்டியைப் பிடுங்கி வைத்தார்கள். கை பாத்திரத்தின் காதைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கியது. ஜென்மத்தில் பாலைக் கருக விடாதவனுக்கு வேண்டுமென்றே கருக விடுவது என்ன லேசா? அவர் சொன்னபடியே இரண்டு நிமிஷம் விட்டதில் அருமையான கெட்டிப் பால் கிடைத்தது, மூவரும் குடித்தார்கள். தாடி ஐந்து நிமிஷம் வைத்துப் பார்த்தான். அடி பொன் நிறமாகி நின்றுவிட்டது. புதன்கிழமை எட்டு நிமிஷம் வைத்தார்கள். கருகியது, ஆனால் நட்ட நடுவில், காசு வைத்ததுபோல் வட்டமாக. ஜன்னல் சாத்தியிருந்தது. திங்கட்கிழமை அது திறந்திருந்ததா என்று டாக்டரம்மா கேட்டதற்கு மாஸ்டர்தான் இல்லை என்றார். ஜன்னலைச் சொன்னால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வெளியே வரும் என்று ஒரு பயம்.

"அன்னைக்கு நடந்ததை அப்படியே சொல்லுங்க மாஸ்டர். ஏதோ ஒண்ணை விட்டுடறோம்."

"சொன்னேனேம்மா. ரெண்டு நிமிஷம்."

டாக்டரம்மா நோட்டில் 'இரண்டு' என்று எழுதியிருந்ததை மறுபடி ஒரு தரம் தடவிப் பார்த்தார். அவர் அதை நம்பினார். எழுதின எண்ணை நம்பிப் பழகினவர். மாஸ்டருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா நோட்டை மூடிவிட்டுத் தாடியிடம், "நாளைக்கு மத்தியானம் அச்சுக்குப் போயாகணும். ஆரஞ்சுப் பழத்தையே போட்டுடு" என்றார். கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது. மாஸ்டர் கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தார். "இல்லம்மா," என்று டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்தது. "எப்படி இருக்கும்னு தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. இல்ல, இன்னும் கோடுதான்."

இரவெல்லாம் மாஸ்டர் புரண்டு படுத்தார் என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினார். ஆனால் விழித்தபோது முடிவு செய்துவிட்டிருந்தார். வியாழக்கிழமை காலை ஒரு டீயைக் கொண்டுபோய் ஜன்னலோர மேசையில் வைத்தார். பக்கத்து மேசையை வீட்டம்மா துடைத்துக்கொண்டிருந்தார். இருக்கட்டும், ஒரே வேலையாக முடியட்டும் என்று நினைத்தார்.

"டாக்டரம்மா, நோட்டை எடுங்க. ரெண்டு இல்ல, பதினொண்ணு."

"என்ன பதினொண்ணு?"

"நிமிஷம். ஒன்பது நாப்பத்தெட்டுல இருந்து ஒன்பது அம்பத்தொன்பது வரைக்கும். ஸ்டோர் ரூம்ல குந்தினேன், எழ முடியல. முட்டி பூட்டிக்கிச்சு. அங்கேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஜன்னலும் பாதி திறந்துதான் இருந்துச்சு. அந்தப் பக்கக் காத்துக்குத் தீ எப்பவும் இப்படிச் சாயும்." கையைச் சாய்த்துக் காட்டினார். "நட்ட நடுவுல பிடிக்காது. ஒரு பக்கமாத்தான் பிடிக்கும்."

டாக்டரம்மா எழுத ஆரம்பித்து, பாதியில் பேனாவை நிறுத்தினார். "மாஸ்டர், அங்கயும் காத்துதான் தள்ளுது."

துடைக்கிற சத்தம் நின்றிருந்தது. வீட்டம்மா துணியை மேசையிலேயே போட்டுவிட்டு வந்தார்.

"பதினொரு நிமிஷமா?"

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"கதவுக்கு அந்தப் பக்கம்தானே நான் இருந்தேன். கூப்பிட வாய் இல்லையா? ஊருக்கெல்லாம் கேக்கற வாய்தானே அது."

"கூப்பிட்டா வந்திருப்ப."

"வராம?"

"வந்து தூக்கியிருப்ப. அதான் கூப்பிடல."

வீட்டம்மா அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து உதறி, மறுபடி தோளிலேயே போட்டார். பிறகு, "கைத்துணின்னு சொன்னப்பவே தெரியும். உங்க கைத்துணி தோள்லதான் கிடந்துச்சு" என்றார். தெரிந்தும் மூன்று நாள் கேட்காமல் இருந்திருக்கிறார்.

"நேரமாகுது" என்றான் தாடி. அடுப்பைப் பற்ற வைத்தார்கள். அதே பாத்திரம், ஒரு விரல் பால், பாதி ஜன்னல். டாக்டரம்மா ஜன்னலருகே தாளைத் தொங்கவிட்டுக் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டார். தீ சாய்ந்தது. மாஸ்டரின் கை கரண்டியைத் தேடி நீண்டது. வீட்டம்மா அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடு, நான் தொட மாட்டேன்."

"உங்களை நம்பறேன். இதை நம்பல."

நாலாவது நிமிஷம் பால் வற்றியது. ஆறாவது நிமிஷம் ஏடு சுருங்கி முறுகியது. ஏழாவது நிமிஷம் கருகல் வாசனை எழுந்தபோது அந்தக் கை ஒரு தரம் துள்ளியது. வீட்டம்மா இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை தனியாக உட்கார்ந்து கேட்ட அதே சத்தம்தான், அதே சடசடப்புதான். ஆனால் இந்தத் தரம் அவர் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் ஆளும் இருந்தது. "பதினொண்ணு" என்று சொல்லித் தாடி அடுப்பை அணைத்தான்.

ஆற விட்டார்கள். வெடிப்பு ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கேட்டது. கரி, மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருந்தது. திங்கட்கிழமையுடையதைவிட இது அழகு என்பதை அங்கே இருந்த நாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு விளக்கை ஒரு பக்கமாக வைத்துப் படம் எடுத்தார்கள், ஒரு சூரியன் ஒரு பக்கம் இருந்து அடிப்பதுபோல. தாடி கம்ப்யூட்டரில் ஏற்றி உருண்டை ஆக்கினான். அலுமினியம் மின்னுகிற இடத்தையெல்லாம் செந்தழல் ஆக்கினான். டாக்டரம்மா சூட்டின் அளவைச் சொல்லச் சொல்ல, நிறத்தைக் கூட்டிக் குறைத்தான். விளிம்பில் இருந்த நுரையில் வந்து சண்டை ஆரம்பித்தது.

"இது மேகம் மாதிரி இருக்கு. அங்க மேகம் இருக்கான்னு எங்களுக்குத் தெரியாது. தெரியாததை நான் போட மாட்டேன்."

"எடுத்துட்டா மொட்டையா நிக்கும் டாக்டர்."

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "தெரியாத இடத்துல வெளிச்சத்தைக் குறைச்சுடுங்களேன். தெரியாதுங்கறதும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியே செய்தார்கள். இருட்டுப் பக்கத்தில் பாத்திரத்தின் ஒரு நசுங்கல் லேசாகத் தெரிந்தது. உருகின பக்கமாக இருந்தால் பள்ளம் நிற்காது, அழிக்கத்தான் வேண்டும். இருட்டுப் பக்கம் கல் இறுகிக் கிடப்பதால் ஏதோ விழுந்த பள்ளம் இருக்கலாம் என்று டாக்டரம்மா அதை விட்டுவைத்தார். கீழே என்ன எழுதுவது என்று மாஸ்டரிடம் அனுமதி கேட்டார்.

"பாத்திரம்னு போடுங்க" என்றார் மாஸ்டர். கொஞ்சம் யோசித்து, "நிமிஷத்தையும் போடுங்க. போடறதுன்னா சரியாப் போடணும்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. சுவர் முழுக்கக் கிரகம். கருகின பக்கம் கனன்றது, மறுபக்கம் இருட்டில் கரைந்தது. ஜனங்கள் கிட்டப் போகத் தயங்கி, சூடு அடிக்கும்போல நாலடி தள்ளியே நின்றார்கள். எதிர்பார்த்தபடி மச்சான் வந்தார். அண்ணாந்து பார்த்தார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். இருட்டுப் பக்கத்தை விரலால் காட்டினார்.

"மாப்ள, அந்த நசுங்கல் நான் போட்டதாச்சே. உங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வரும்போது படியில விட்டேனே."

"நீ போட்டதுதான்."

"அப்ப இது..." மச்சான் கீழே எழுதியிருந்ததைப் படித்தார். கேண்டீன் பால் பாத்திரம், பதினொரு நிமிடம். முகம் மலர்ந்தது. "முப்பத்தொரு வருஷம், முப்பத்தொரு வருஷம்னு எங்க காதைத் தின்னியே. கடைசியில அடிப்பிடிக்க விட்டுட்டியா?"

"விட்டேன். முதல் தரம் தெரியாம, ரெண்டாம் தரம் தெரிஞ்சு. நீ ஒரு தரம் உன் அடுப்புல வேணும்னே பதினொரு நிமிஷம் பாலைப் பார்த்துக்கிட்டு நில்லு, பார்க்கலாம். நாலாவது நிமிஷம் அழுதுடுவே."

"நீ உட்கார்ந்துட்டதாவும் கேள்விப்பட்டேனே."

"உட்கார்ந்தேன். எழுந்துட்டேன்ல?"

 மச்சான் மறுபடி அண்ணாந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் திரும்பி, "அந்தப் பள்ளம் இருக்கு பாருங்க, அது நான் போட்டது" என்றார்.

மூன்றரை மணி டீக்கு மாஸ்டர் சமையலறைக்குத் திரும்பியபோது அடுப்புப் பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூல் இருந்தது. டாக்டரம்மாவின் ஆராய்ச்சி அறையிலிருந்து வந்தது. யார் தூக்கி வந்தது என்று வீட்டம்மாவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பாலை ஏற்றினார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, ஜன்னலைச் சாத்தப் போகிறவர்போலப் போய், வருகிற வழியில் அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து பால் நன்றாகத் தெரிந்தது; நின்றதைவிட நன்றாகவே தெரிந்தது.

டாக்டரம்மா போனைக் காதில் வைத்தபடி உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. போனில் அம்மா. படத்தை அனுப்பியிருந்தாராம். மாஸ்டரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார்.

"என்னடி இது," என்றது அந்தப் பக்கத்துக் குரல், "பால் அடிப்பிடிச்ச மாதிரி இருக்கு?"

"ஆமாம்மா. அப்படித்தான் இருக்கும்."

"ஆறு வருஷமா இதைச் சொல்ல முடியலையா உனக்கு? கோடு கோடா அனுப்பினே. இப்பத்தான் புரியுது. காத்துல வச்சுட்டாங்க, ஒரு பக்கமாப் பிடிச்சிருக்கு."

டாக்டரம்மா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"உங்கம்மாவுக்குப் பால் தெரியும்" என்றார். அதற்குள் அவர் கை கரண்டியை எடுத்துக் கிண்ட ஆரம்பித்திருந்தது.